மூன்று புள்ளிகளைத் தேடிய மார்க்கோனி

வானொலியைக் கண்டுபிடித்தவர் யார்? பள்ளிப் புதிர்ப்போட்டியில் இந்தக் கேள்வி வந்தால், மாணவர்கள் யோசிக்காமல் மணியை அழுத்தி மார்க்கோனி என்று சொல்லிவிடுவார்கள். புள்ளி கிடைக்கும், கதை அதோடு முடிந்துவிடும். ஆனால், அந்த மனிதரின் வாழ்க்கையிலேயே மிகப் புகழ்பெற்ற நாளில் அவர் உண்மையாகவே எதையாவது கேட்டாரா இல்லையா என்று பொறியாளர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருப்பவன். வணிக நோக்கமின்றி, சொந்த ஆர்வத்தால் வானலை வழியே உலகெங்கும் உள்ள மற்ற ஆர்வலர்களோடு தொடர்புகொள்ளும் கலை இது. ஹாம் ரேடியோ என்றும் சொல்வார்கள். எனக்கு விருப்பமானது தாழ்ந்த அலைவரிசைகள், குறிப்பாக 1.8 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் 160 மீட்டர் அலைவரிசை. ஆண்டெனா மிகப் பெரிதாக வேண்டும், இரைச்சல் அதிகம், பகலில் தூரத்து நிலையங்கள் காதில் விழவே மாட்டா. இந்த அலைவரிசையோடு போராடிய பிறகு மார்க்கோனியின் வரலாற்றைப் படித்தபோது, புத்தகத்தில் வரும் மாமேதை எனக்குத் தெரியவில்லை. கம்பியும் கம்பமும் மண்வெட்டியுமாக அலைந்த ஓர் ஆண்டெனாக்காரர்தான் தெரிந்தார். அந்தக் கோணத்திலேயே அவர் கதையை உங்களுக்குச் சொல்கிறேன்.

பல்கலைக்கழகம் போகாதவர்

குலியெல்மோ மார்க்கோனி 1874 ஏப்ரல் 25-ஆம் நாள் இத்தாலியின் போலோக்னா நகரில் பிறந்தார். தந்தை ஜியூசெப்பே வசதியான நிலக்கிழார். தாய் அன்னி ஜேம்சன் அயர்லாந்தைச் சேர்ந்தவர்; அங்கே பெயர்பெற்ற விஸ்கி தயாரிப்புக் குடும்பத்துப் பெண். அண்ணன் அல்போன்சோ. குடும்பம் போலோக்னாவுக்கு அருகே பொன்தேக்கியோ என்ற ஊரில் வில்லா கிரிஃபோனே என்ற பெரிய வீட்டில் வாழ்ந்தது.

மார்க்கோனி ஒழுங்கான பள்ளிப் படிப்பைப் பெற்றவர் அல்லர். வீட்டிலும் பல ஊர்களிலுமாகப் படித்தார். பல்கலைக்கழகத்தில் சேரும் தகுதியை அவர் அடையவில்லை. ஆனால், போலோக்னா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் அவுகுஸ்தோ ரீகி அவர்களுக்குத் தெரிந்த குடும்பம் என்பதால், அவருடைய ஆய்வுக்கூடத்தைப் பார்க்கவும் நூல்களைப் பயன்படுத்தவும் வாய்ப்புக் கிடைத்தது.

மின்காந்த அலைகள் உண்டு என்பதைச் சோதனையால் நிறுவிய ஜெர்மானிய அறிவியலாளர் ஹென்ரிக் ஹெர்ட்ஸ் 1894-இல், 36 வயதிலேயே காலமானார். அவரைப் பற்றி ரீகி எழுதிய இரங்கல் கட்டுரையை மார்க்கோனி விடுமுறையில் படித்தார். ஹெர்ட்ஸுக்கு அந்த அலைகள் ஒரு கோட்பாட்டின் சான்று. இருபது வயது மார்க்கோனிக்கோ அவை கம்பியில்லாத் தந்தியாகத் தெரிந்தன. அந்தக் காலத்தில் தந்தி என்றால் கம்பி. கம்பி இல்லாத இடத்தில் செய்தி இல்லை. நடுக்கடலில் போகும் கப்பல் கரையோடு பேசவே வழியில்லை.

வானில் ஒரு முனை, மண்ணில் ஒரு முனை

வில்லா கிரிஃபோனேயின் மாடியில், முன்பு பட்டுப்புழு வளர்க்கப் பயன்பட்ட இடத்தில், தாயின் ஆதரவோடு அவர் வேலையைத் தொடங்கினார். கருவிகள் பெரும்பாலும் மற்றவர்கள் கண்டுபிடித்தவை. பொறியை உண்டாக்கும் சுருள் ஏற்கெனவே இருந்தது. அலை வந்ததை உணரும் உலோகத்தூள் குழாயைப் பிரான்சின் பிரான்லியும் இங்கிலாந்தின் லாஜும் மேம்படுத்தியிருந்தனர். அறைக்குள் அலையை அனுப்பி மணியடிக்க வைப்பது புதிதன்று. எவ்வளவு முயன்றாலும் தூரம் சில நூறு மீட்டரைத் தாண்டவில்லை.

1895-இல் அவர் செய்த மாற்றம் பார்க்க எளிமையானது. பொறி உண்டாகும் இடத்தின் ஒரு முனையிலிருந்து கம்பியை உயரே கொண்டுபோய் ஓர் உலோகத் தகட்டில் இணைத்தார். மறு முனையை மண்ணில் புதைத்தார். தூரம் தாவியது. தகட்டை உயர்த்த உயர்த்த மேலும் கூடியது. வீட்டுக்கு எதிரே உள்ள குன்றுக்கு அப்பால் அண்ணன் அல்போன்சோ உணர்கருவியோடு நின்றார். குறி வந்து சேர்ந்தால் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட வேண்டும் என்பது ஏற்பாடு. வெடிச் சத்தம் கேட்டது. அலை ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் சென்றிருந்தது. நடுவில் குன்று இருந்தும் போய்ச் சேர்ந்ததுதான் முக்கியம்.

இதில் என்ன நடந்தது என்பதை இடைநிலைப்பள்ளி இயற்பியலைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். 300-ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அலைவெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். ஓர் ஆண்டெனா நன்றாக வேலை செய்ய அதன் நீளம் அலைநீளத்தோடு பொருந்த வேண்டும். ஒரு முனை மண்ணோடு இணைந்திருந்தால் அலைநீளத்தில் கால் பங்கு போதும். மற்றப் பாதியின் வேலையைப் பூமி பார்த்துக்கொள்ளும். கம்பியை நீட்டி மண்ணில் நட்டதால் மார்க்கோனி அறியாமலேயே ஹெர்ட்ஸின் குட்டை அலைகளைவிட மிக நெடிய அலைகளுக்கு மாறிவிட்டார். நெடிய அலைகள் குன்றைச் சுற்றி வளைந்து செல்லக்கூடியவை. மண்ணில் நின்று மேலே எழும் இந்த அமைப்பை இன்றும் மார்க்கோனி ஆண்டெனா என்றே அழைக்கிறோம்.

160 மீட்டர் அலைவரிசைக்குக் கால் பங்கு என்றால் ஏறக்குறைய 40 மீட்டர். அதாவது பதின்மூன்று மாடிக் கட்டட உயரத்துக்கு ஒரு கம்பி! நம் தாமான் வீடுகளில் இதற்கு எங்கே போவது? அதனால் என்னைப் போன்றவர்கள் கம்பியை முடிந்த அளவு மேலே கொண்டுபோய், மீதியைக் கிடையாக மடக்கிக் கட்டுகிறோம். தலைகீழாக நிற்கும் ஆங்கில எல் எழுத்தைப் போல இருக்கும். கீழே தரையில் பல கம்பிகளைச் சக்கரத்தின் ஆரங்கள் போலப் பரப்ப வேண்டும். மண் இணைப்பு சரியில்லை என்றால் அனுப்பும் ஆற்றலில் பெரும்பகுதி மண்ணைச் சூடாக்குவதிலேயே வீணாகும். நான் கம்பி கட்டிய நேரத்தைவிட மண்ணில் கம்பி புதைத்த நேரமே அதிகம். 21 வயது மார்க்கோனி கண்டுகொண்டதும் இதைத்தான்: மேலே உள்ளதைப் போலவே கீழே உள்ளதும் முக்கியம்.

லண்டனும் கால்வாயும்

1896-இல் தாயோடு லண்டன் சென்றார். தாய்வழி உறவினர் ஹென்றி ஜேம்சன் டேவிஸ் துணை நின்றார். அவ்வாண்டு ஜூன் 2-ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் தலைமைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் அவருக்கு மேடை அமைத்துத் தந்தார். 1897 மே மாதம் பிரிஸ்டல் கால்வாயில் சுமார் 6 கிலோமீட்டர் நீர்ப்பரப்பைக் குறி கடந்தது. அதே ஆண்டு நிறுவனம் உருவானது. 1899 மார்ச் மாதம் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே, சுமார் 50 கிலோமீட்டர், செய்தி சென்றது. அப்போது அவருக்கு வயது 24.

அடுத்து அவர் குறிவைத்தது அட்லாண்டிக் பெருங்கடல். ஒளியைப் போல நேராகச் செல்லும் அலை பூமியின் வளைவைத் தாண்டாது என்பது அந்நாளைய அறிஞர் பலரின் கருத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். இங்கிலாந்தின் கார்ன்வாலுக்கும் கனடாப் பக்கம் உள்ள நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே சுமார் 3,500 கிலோமீட்டர். இரண்டு இடங்களையும் நேர்க்கோட்டால் இணைத்தால், நடுக்கடல் அந்தக் கோட்டுக்கு மேல் ஏறக்குறைய 240 கிலோமீட்டர் உயர்ந்து நிற்கும். அந்த நீர்மலையைத் தாண்டுவது எப்படி? மார்க்கோனியிடம் கோட்பாடு எதுவும் இல்லை. தூரம் கூடிக்கொண்டே வந்த அனுபவம் மட்டுமே இருந்தது.

கார்ன்வாலின் போல்டு என்ற இடத்தில் பெரும் நிலையம் எழுந்தது. அனுப்பும் கருவியைப் பேராசிரியர் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் வடிவமைத்தார். 200 அடி உயரக் கம்பங்கள் இருபது, வட்டமாக நடப்பட்டன. 1901 செப்டம்பரில் வீசிய புயலில் அத்தனையும் சாய்ந்தன. அமெரிக்காவின் கேப் காட்டில் இதே போல் கட்டப்பட்ட கம்பங்களும் நவம்பரில் விழுந்தன. வேறொருவராக இருந்தால் ஓர் ஆண்டு தள்ளிப்போட்டிருப்பார். மார்க்கோனி போல்டுவில் இரண்டு கம்பங்களை மட்டும் நிறுத்தி, இடையே விசிறிபோல் 54 கம்பிகளைத் தொங்கவிட்டார். கேப் காட்டுக்குப் பதிலாக, தூரம் குறைந்த நியூஃபவுண்ட்லாந்துக்குக் கப்பலேறினார். உடன் சென்றவர்கள் ஜார்ஜ் கெம்ப், பெர்சி பேஜட் என்ற இரண்டு உதவியாளர்கள்.

1901 டிசம்பர் 12

செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்துக்கு மேலே சிக்னல் ஹில் என்ற குன்று. குளிர்காலப் புயல் காற்று. கம்பம் நட நேரமில்லாததால் பலூனும் பட்டமும் கொண்டுபோயிருந்தார்கள். முதல் நாள் பலூன் அறுந்து கடலுக்குப் போனது. மறுநாள் பட்டத்தை ஏற்றினார்கள். சுமார் 150 மீட்டர் நீளக் கம்பி அதன் வாலாகத் தொங்கியது.

பட்டம் காற்றில் ஏறி இறங்கியது. கம்பியின் உயரம் மாற மாற ஆண்டெனாவின் மின் இயல்பும் மாறியது. அதனால் குறிப்பிட்ட அலைக்கு இசைவித்த ஏற்பியைப் பயன்படுத்த முடியவில்லை. எந்த அலை வந்தாலும் உள்ளே விடும் எளிய ஏற்பியை இணைத்து, தொலைபேசியின் கேட்பானைக் காதில் வைத்துக்கொண்டார் மார்க்கோனி. போல்டுவிலிருந்து குறித்த நேரத்தில் திரும்பத் திரும்ப மோர்ஸ் குறியீட்டின் எஸ் எழுத்து, அதாவது மூன்று புள்ளிகள், அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தன. உள்ளூர் நேரம் பகல் 12.30. மூன்று மெல்லிய சொடுக்கொலிகள் கேட்டதாக அவர் அறிவித்தார். கேட்பானை வாங்கிய கெம்பும் கேட்டதாகச் சொன்னார்.

உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. நியூஃபவுண்ட்லாந்தில் தந்திக்கான தனியுரிமை வைத்திருந்த கடலடிக் கம்பி நிறுவனம் வழக்குத் தொடுப்போம் என்று எச்சரித்ததால் அவர் அங்கே சோதனையைத் தொடர முடியவில்லை.

உண்மையில் கேட்டாரா?

சந்தேகம் அன்றே எழுந்தது. காகித நாடாவில் பதிவு இல்லை. வெளியார் சாட்சி இல்லை. கேட்டவர்கள் இருவரும் ஒரே அணி. அனுப்பப்படும் எழுத்து எது, எந்த நேரம் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஏற்பியோ எந்த இரைச்சலையும் உள்ளே விடக்கூடியது.

தாழ்ந்த அலைவரிசைகளில் இருப்பவர்களுக்கு இதன் கனம் தெரியும். நம் வட்டாரத்தில் இடிமின்னலுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு மின்னலும் ஏற்பியில் படபடவென்று வெடிக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு குறியை எதிர்பார்த்துக் காத்திருந்தால், காது அதைத் தானாகவே உருவாக்கிக் கொடுத்துவிடும். வழக்கமாகச் சொல்லப்படும் கணக்குப்படி போல்டுவின் அலைநீளம் 360 மீட்டரை ஒட்டியது. அப்போது பாதையின் பெரும்பகுதியில் பகல் வெளிச்சம். இன்று நமக்குத் தெரிந்த அறிவியலின்படி அது மிக மோசமான நேரம்.

என் கருத்தைக் கேட்டால், அவர் கேட்டிருக்கலாம் என்பதற்கு மேல் நான் போகமாட்டேன். பொறி நிலையங்கள் ஒரே அலைநீளத்தில் அனுப்புவதில்லை. பல அலைநீளங்களில் சிதறி அனுப்பும். அவற்றுள் குட்டையான அலை ஒன்று பகலிலும் கடலைத் தாண்டியிருக்கக்கூடும் என்று சிலர் சொல்கிறார்கள். அது முடிந்த முடிவன்று.

நான் மதிப்பது அதற்கடுத்து மார்க்கோனி செய்ததை. சந்தேகப்பட்டவர்களோடு அவர் சொற்போரில் இறங்கவில்லை. 1902 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா என்ற பயணிகள் கப்பலில் ஏறினார். இம்முறை கப்பல் கம்பத்தில் உறுதியாகக் கட்டிய ஆண்டெனா, இசைவித்த ஏற்பி, குறிகளைத் தானே பதியும் காகித நாடா. கப்பல் தலைவர் சாட்சி. முழுச் செய்திகள் சுமார் 2,500 கிலோமீட்டர் வரையிலும், எஸ் எழுத்து சுமார் 3,400 கிலோமீட்டர் வரையிலும் நாடாவில் பதிவாயின. இனி யாரும் காதைக் குறைசொல்ல முடியாது.

பகலும் இரவும்

அந்தப் பயணத்தில் எதிர்பாராத ஒன்றும் வெளிப்பட்டது. அத்தனை தூரமும் இரவில்தான். பகலில் குறிகள் சுமார் 1,100 கிலோமீட்டரிலேயே நின்றுபோயின. தம்முடைய சிக்னல் ஹில் அறிவிப்புக்கே எதிரான சான்று இது. அதை அவர் மறைக்கவில்லை, வெளியிட்டார்.

காரணத்தை அவரால் சொல்ல முடியவில்லை. அதே 1902-இல் கென்னலி, ஹெவிசைட் என்ற இருவர் தனித்தனியே, வளிமண்டலத்தின் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற ஓர் அடுக்கு இருந்து அலைகளைத் திருப்பி அனுப்பலாம் என்றனர். 1924-இல் எட்வர்ட் ஆப்பிள்டன் அதைச் சோதனையால் உறுதிப்படுத்தி, பின்னர் நோபெல் பரிசும் பெற்றார். பகலில் சூரிய ஒளியால் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் தோன்றும் கீழடுக்கு தாழ்ந்த அலைவெண்களை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அது கலைகிறது. அலை மேலே உள்ள அடுக்கை அடைந்து, எதிரொளித்துத் தொலைதூரத்தில் இறங்குகிறது. அந்த 240 கிலோமீட்டர் நீர்மலையை அலை தாண்டிய வழி இதுதான்.

இன்றும் 160 மீட்டர் அலைவரிசையில் வாழ்க்கை இந்த விதிப்படியே நடக்கிறது. நமக்கு விடியுமுன் இத்தாலியில் நள்ளிரவை ஒட்டிய நேரம். இடையே உள்ள பாதை இருளில் இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நான் சேவல் கூவுமுன் எழுந்திருக்கிறேன்.

நெடிய அலையிலிருந்து குட்டை அலைக்கு

மார்க்கோனி தம் அனுபவத்திலிருந்து எடுத்த முடிவு: தூரம் வேண்டுமா, அலையை நீட்டு. அயர்லாந்தின் கிளிஃப்டனுக்கும் கனடாவின் கிளேஸ் பேவுக்கும் இடையே 1907-இல் வணிகத் தந்திச் சேவை தொடங்கியபோது அலைநீளம் ஆயிரக்கணக்கான மீட்டர். ஆண்டெனா கம்பிகள் பெரும் வயல்வெளி அளவுக்குப் பரந்தன. 1909-இல் ஜெர்மனியின் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுனோடு இயற்பியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது 700-க்கும் மேற்பட்டோர் பிழைத்ததற்கு அக்கப்பலில் இருந்த மார்க்கோனி நிறுவன இயக்குநர்களின் அபயக்குறியே காரணம். அதே ஆண்டு இத்தாலியில் நடந்த கார் விபத்தில் அவர் வலக்கண்ணை இழந்தார்.

1912-இல் இன்னொன்றும் நடந்தது. வானலையில் நெரிசல் மிகுந்துவிட்டதால், அமெரிக்கச் சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டருக்கும் அதற்குக் கீழும் ஒதுக்கியது. பயனற்றது என்று பெரியவர்கள் கருதிய இடம் அது. இளையர்கள் அங்கேயே வேலை செய்தார்கள். 1921 டிசம்பரில், சிக்னல் ஹில் சோதனைக்குச் சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, அமெரிக்க அமெச்சூர் பால் காட்லி ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரோசனில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார். பட்டம் விடவில்லை. தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில், அமெரிக்காவை நோக்கி சுமார் 400 மீட்டர் நீளத்துக்கு ஒரே கம்பியை இழுத்துக் கட்டினார். பெவரேஜ் ஆண்டெனா எனப்படும் இது ஒரு திசையிலிருந்து வருவதை மட்டும் நன்றாகக் கேட்கும். மற்றத் திசை இரைச்சலைக் குறைக்கும். கனெக்டிகட்டிலிருந்து சுமார் ஒரு கிலோவாட் ஆற்றலில், 230 மீட்டரை ஒட்டிய அலையில் அனுப்பிய 1 பி.சி.ஜி. என்ற அமெச்சூர் நிலையத்தின் முழுச் செய்தியும் அவருக்குக் கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில் இருவழித் தொடர்பும் 100 மீட்டரை ஒட்டிய அலைகளில் கைகூடியது.

மார்க்கோனியும் அதே பக்கம் திரும்பினார். பொறியாளர் ஃபிராங்க்ளினுடன் 1916 முதலே குட்டை அலைகளை ஆராய்ந்தவர், 1923-இல் தம் எலெத்ரா கப்பலில் ஆய்வுக்கூடத்தோடு கடலில் சென்று, போல்டுவின் 97 மீட்டர் அலையைக் கேப் வெர்டே வரை பின்தொடர்ந்தார். முடிவு தெளிவாக இருந்தது. வாழ்நாளில் பாதியை எந்தப் பாதையில் செலவிட்டாரோ, அதைவிட மலிவான வழி எதிர்த்திசையில் இருந்தது. 49 வயதில், நோபெல் பரிசுக்குப் பிறகு, பெரும் முதலீட்டுக்குப் பிறகு, பாதையை மாற்றிக்கொண்டார். 1926, 1927-ஆம் ஆண்டுகளில் பிரிட்டனைக் கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகியவற்றோடு குட்டை அலைக் கற்றை நிலையங்கள் இணைத்தன.

மறைக்கக்கூடாத பக்கம்

புகழ்மாலை மட்டும் சூட்டினால் வரலாறு ஆகாது. வானொலி ஒருவரின் கண்டுபிடிப்பன்று. லாஜ், போப்போவ், டெஸ்லா, பிரவுன் எனப் பலரின் உழைப்பு அதில் உண்டு. சிக்னல் ஹில்லில் பயன்பட்ட பாதரச உணர்கருவி, கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 1899-இல் விவரித்த கருவியை ஒத்தது என்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். போஸின் பெயர் அன்று பேசப்படவில்லை. மார்க்கோனியின் இசைவிப்புக் காப்புரிமையின் முக்கியக் கூறுகள் செல்லாது என்று 1943-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அரசியலில் அவர் முசோலினியின் பாசிசக் கட்சியில் 1923-இல் சேர்ந்தார். 1930-இல் இத்தாலிய அரச கழகத்தின் தலைவரானார். அவர் தலைமையில் யூத அறிஞர்கள் அக்கழகத்துக்குள் விடப்படவில்லை என்பதைப் பிற்கால ஆவண ஆய்வு வெளிக்கொணர்ந்தது. உலக மக்களை இணைக்கும் கருவியைத் தந்தவர் மனிதரைப் பிரிக்கும் ஆட்சிக்குத் துணைபோனார். இரண்டும் ஒரே மனிதர்தான். கருவி நல்லதாக இருப்பதால் மட்டும் அதைச் செய்தவர் எல்லாவற்றிலும் சரியாகிவிடமாட்டார்.

1937 ஜூலை 20-ஆம் நாள் ரோமில் மார்க்கோனி காலமானார். அவர் நினைவாக வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் ஒலிபரப்பை நிறுத்தின. இன்றும் ஏப்ரல் 25-ஐ ஒட்டிய சனிக்கிழமை அனைத்துலக மார்க்கோனி நாளாக அமெச்சூர்களால் கொண்டாடப்படுகிறது.

அமெச்சூர் வானொலியில் ஒரு பழக்கம் உண்டு. இருவரும் ஒருவர் அழைப்புக் குறியை மற்றவர் சரியாக வாங்கி, குறியின் தரத்தைப் பரிமாறி, நேரத்தோடு பதிவேட்டில் எழுதினால்தான் அது தொடர்பு. கேட்டது போல் இருந்தது என்பதற்கு அங்கே இடமில்லை. பள்ளி அறிவியல் விழாவுக்கோ பல்கலைக்கழக ஆய்வுத் திட்டத்துக்கோ நீங்கள் தரவு சேகரிக்கும்போது, எதிர்பார்த்த எண் வந்துவிட்டதே என்று மகிழ்வதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். எதிர்பார்த்தது வரும் வேளையில்தான் பதிவும் சாட்சியும் அதிகம் தேவை. சிக்னல் ஹில்லுக்காக மார்க்கோனியைப் புகழ்பவர்கள் பலர். எனக்கென்னவோ, இரண்டு மாதம் கழித்துக் காகித நாடாவோடு கப்பலேறிய மார்க்கோனியைத்தான் அதிகம் பிடிக்கிறது.